மூன்றாவது ராத்திரியும் எரிகிற டார்ச்

கேட்டவர் கொருக்குப்பேட்டைக்காரர். தரைத்தள வீடு, வயதான அம்மா, காசிமேட்டிலிருந்து ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிற தம்பி. மழைக்காலம் வருவதற்குள் வீட்டுக்கு ஒரு நல்ல டார்ச்சும் தலையில் மாட்டுகிற லைட்டும் வாங்க வேண்டும், 3,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்கிறார். நெட்டில் 10,000 லூமன் என்று போட்டு 699 ரூபாய்க்கு ஒன்று வருகிறதாம், அதை வாங்கலாமா? அப்பாவின் பழைய மூணு செல் டார்ச் பரணில் கிடக்கிறதாம், அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

இரண்டுக்குமே பதில் ‘வேண்டாம்’தான். அதை வாங்கவும் வேண்டாம், இதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மீதியைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

நான் தண்டையார்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக எலெக்ட்ரிகல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிழைப்பு மிக்ஸியிலும் ஃபேனிலும்தான். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் டார்ச்சும் எமர்ஜென்சி லைட்டுமாக மேஜை நிறைந்துவிடும். போன மழைக்கு வாங்கி அலமாரியில் வைத்தது, இப்போது எடுத்தால் எரியவில்லை என்று கொண்டுவருவார்கள். அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது எங்கள் தெருவில் மூன்று ராத்திரி கரண்ட் இல்லை. முதல் ராத்திரி தெரு ஜொலித்தது. எல்லார் கையிலும் செல்போன் டார்ச். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் பெரிய ஃபோகஸ் லைட்டை வானத்தில் அடித்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ராத்திரி போன்கள் எல்லாம் செத்துவிட்டன. முனைக்கடையில் முதலில் மெழுகுவத்தி தீர்ந்தது, அப்புறம் பென்சில் செல் தீர்ந்தது. மூன்றாவது ராத்திரி வெளிச்சம் தெரிந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று மூன்றாவது வீட்டு அக்காவுடையது. அவர் தலையில் ஒரு சின்ன ஹெட்லேம்ப், இருப்பதிலேயே மங்கலான வெளிச்சத்தில். அதை வைத்துக்கொண்டு மூன்று நாளும் சமைத்திருக்கிறார். அந்த ஃபோகஸ் லைட்டை மறுவாரம் என் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

எனவே கடைக்காரரிடம் ‘எவ்வளவு வெளிச்சம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். மூன்றாவது ராத்திரி எரியுமா என்று பாருங்கள்.

முதலில் அந்த 10,000 லூமனை முடித்துவிடலாம். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம். கேண்டிலா என்பது அந்த வெளிச்சம் ஒரே பக்கமாக எவ்வளவு குவிகிறது என்பது. தண்ணீர் லாரிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை குடம் நிறைகிறது என்பது லூமன். வாயை விரலால் அடைத்தால் எவ்வளவு தூரம் பீய்ச்சுகிறது என்பது கேண்டிலா. அதே தண்ணீர்தான், வேலை வேறு.

நல்ல எல்இடி ஒரு வாட் கரண்டுக்குச் சுமாராக 100 லூமன் கொடுக்கும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். கைக்குள் அடங்குகிற டார்ச்சில் இருப்பது பெரும்பாலும் 18650 என்கிற ஒரே ஒரு லித்தியம் செல். அதன் 3.7 வோல்ட்டில் 100 வாட் எடுக்க வேண்டுமானால் 27 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டில் ஏசி பாயின்ட்டுக்குப் போடுவதே 16 ஆம்பியர் பிளக்தான். சூட்டையும் யோசியுங்கள். என் மேஜையில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட், அதுவே ஈயத்தை உருக்குகிறது. நாலு சால்டரிங் அயர்னை ஒரு கைப்பிடிக்குள் அடைத்து யாராலும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. 699 ரூபாய் டார்ச் 200, 300 லூமன் கொடுத்தாலே அதிகம். அது கெட்டது என்று சொல்ல வரவில்லை. பெட்டியில் பொய் எழுதினவன் உள்ளே இருக்கிற செல்லிலும் பொய் சொல்லியிருப்பான், அதுதான் பயம்.

எவ்வளவு வேண்டும் என்றால், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ராத்திரி பாத்ரூம் போக 5 லூமன் போதும். சமைக்க, சாப்பிட, மருந்துச் சீட்டு படிக்க 30 முதல் 50. தெருவில் நடக்க 100, 150. தெருமுனையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று மாடியிலிருந்து பார்க்க 300, 500. நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. 100 லூமனை 200 ஆக்கினால் ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்றுதான் தோன்றும், பேட்டரி மட்டும் பாதி நேரத்தில் தீரும். ஆகவே உச்ச வெளிச்சத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எவ்வளவு கீழே இறக்க முடிகிறது என்று பாருங்கள். 5, 10 லூமனுக்கு இறங்கத் தெரியாத டார்ச் வெள்ளத்துக்கு உதவாது.

நல்ல கம்பெனிகள் எஃப்எல்1 என்கிற அளவுமுறைப்படி பெட்டியில் போடுவார்கள். 2009-இல் அமெரிக்காவில் வந்தது. அதைப் படிக்கும்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ‘100 மீட்டர்’ என்று போட்டிருந்தால், 100 மீட்டரில் வெளிச்சம் பௌர்ணமி நிலா அளவுக்கு, அதாவது கால் லக்ஸுக்கு, இறங்கிவிடும் என்று அர்த்தம். அங்கே ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. பாதியாக்கிப் படிப்பது என் வழக்கம். ‘30 மணி நேரம்’ என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்குமான கணக்கு. அதனால் ‘500 லூமன், 6 மணி நேரம்’ என்று எழுதியிருப்பது சூடாகும் வரை மூன்று நிமிஷம் 500, அப்புறம் மளமளவென்று இறங்கி மீதி நேரம் 120 என்றும் இருக்கலாம். பொய் இல்லை, ஆனால் நீங்கள் நினைத்ததும் இல்லை.

அடுத்து பேட்டரி. என் கடைக்கு வருகிற பத்து டார்ச்சில் ஏழெட்டு பேட்டரியால்தான் செத்திருக்கும். எல்இடி போய் வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது பின்பக்கம் இரண்டு முள் நீட்டிக்கொண்டு, நேராகச் சுவர் பிளக்கில் செருகுகிற டார்ச். போன ஐப்பசியில் அப்படி ஒன்றைப் பிரித்தேன். வாங்கி ஒரு வருடம், மூன்று தடவைதான் உபயோகித்தார்களாம். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, வயிறு உப்பியிருந்தது. மீட்டர் வைத்தேன், அரை வோல்ட்கூட இல்லை. பைக் பேட்டரியின் சின்னத் தம்பிதான் இது. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்தகட்டில் சல்ஃபேட் படிந்து கல்லாகிவிடும், திரும்ப உயிர் வராது. இப்படிப்பட்ட டார்ச் வீட்டில் இருந்தால் மாதம் ஒரு தடவையாவது சார்ஜ் போட வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை போடச் சொல்லி ஒரு பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவருடையது மட்டும் இன்னும் எரிகிறது.

அதே டார்ச்சில் இன்னொரு சமாச்சாரம் இருந்தது. சார்ஜ் ஏற்றுகிற பகுதியில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், நாலு டயோடு, அவ்வளவுதான். சுவரில் வருகிற 230 வோல்ட்டுக்கும் உள்ளே இருக்கிற ஒயருக்கும் நடுவில் தடுப்பே இல்லை. சார்ஜில் இருக்கும்போது உடைந்த மூடி வழியாக ஒரு திருகாணியைத் தொட்டால் போதும், ஷாக் அடிக்கலாம். மழை நாளில் ஈரக்கையோடு சார்ஜில் போட்டபடியே எரிய விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். புதிதாக வாங்குவதென்றால் இந்த வகையே வேண்டாம். செல்போன் சார்ஜரில் ஏறுகிற மாதிரி வாங்குங்கள், சார்ஜருக்குள் தடுப்பு இருக்கும்.

அப்படி வாங்கினால் உள்ளே லித்தியம் செல் இருக்கும். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். பெயரே அளவுதான். செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதை எம்ஏஎச் என்ற கணக்கில் போடுவார்கள், நல்ல செல்லில் 2,500 முதல் 3,500 எம்ஏஎச் வரை இருக்கும். மேலே 9,900 என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். இந்த அளவு உடம்பில் அவ்வளவு கொள்ளாது. சந்தேகமாக இருந்தால் பக்கத்து மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் வையுங்கள். நல்ல 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் உள்ளே பாதிதான் சரக்கு.

3,000 எம்ஏஎச் செல் ஒன்றில் ஏறக்குறைய 11 வாட்-மணி கரண்ட் இருக்கிறது. 100 லூமனில் வைத்தால் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் ஓடும். 30 லூமன் என்றால் 30 மணி நேரத்தை நெருங்கும், ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் வைத்தால் ஐந்தாறு ராத்திரி. 1,000 லூமனில் அடித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மூன்றாவது ராத்திரிக் கணக்கு இவ்வளவுதான்.

லித்தியத்தை முழுச் சார்ஜில் வருடக்கணக்கில் வைத்தாலும் கெடும், காலியாகப் போட்டு வைத்தாலும் கெடும். வெயில் காலத்தில் பாதிச் சார்ஜில், சூடு படாத இடத்தில் வையுங்கள். புரட்டாசி கடைசியில் முழுசாக ஏற்றிவிடுங்கள். பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால் பெரும்பாலான அலுமினிய டார்ச்சுகளில் தொடர்பு அறுந்துவிடும். சுவிட்ச் வழியாகக் கசிகிற கரண்டும் நிற்கும், பைக்குள் தானாக எரிந்து துணியைப் பொசுக்குவதும் நிற்கும். தனி செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள். உப்பின செல்லையும் நசுங்கின செல்லையும் ‘ஒரு தடவை பார்க்கலாம்’ என்று சார்ஜில் போடாதீர்கள்.

டைப்-சி என்று வாங்கியதும் புதுப் போனோடு வந்த கேபிளில் போட்டுப் பாருங்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கிற கேபிளில் சில விலை குறைந்த டார்ச்சுகள் சார்ஜ் ஏறாது. அதற்கு உள்ளே சின்னதாக இரண்டு ரெசிஸ்டர் வைக்க வேண்டும், காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் பழைய தட்டை யூஎஸ்பி இருக்கிற கேபிளில் ஏறும். ‘புதுசு, செத்துப்போச்சு’ என்று வந்த நாலைந்து டார்ச்சை இப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன், காசு வாங்கவில்லை.

பென்சில் செல் பழசு என்று ஒதுக்க வேண்டாம். கரண்ட் இல்லாத மூன்றாவது நாளில் சார்ஜ் எங்கே ஏற்றுவீர்கள்? பென்சில் செல்லை மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் சாதாரண மலிவு செல்லும் ஆல்கலைன் செல்லும் உள்ளேயே கிடந்தால் ஒழுகும். ஆல்கலைன் ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தால் துணியில் கொஞ்சம் எலுமிச்சம் சாறோ வினிகரோ தொட்டுத் துடையுங்கள். அது காரத்தன்மை, புளிப்புக்கு அடங்கும். துடைத்த பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். புதுசும் பழசும் கலந்து போட்டால் ஒழுகல் இன்னும் சீக்கிரம் வரும். எனெலூப் மாதிரி ரீசார்ஜ் பென்சில் செல் நாலு வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி குறைவு. வருடம் முழுக்கப் பெட்டியில் கிடந்தாலும் சார்ஜின் பெரும்பகுதி இருக்கும்.

ஹெட்லேம்ப் பற்றி. கடையில் ‘ஹெட்லைட்’ என்று கேட்டால் ஸ்கூட்டர் பல்பை எடுத்துக் காட்டுவான், ஹெட்லேம்ப் என்றே கேளுங்கள். ஒன்றுதான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் டார்ச்சை விட்டுவிட்டு இதை வாங்குங்கள் என்பேன். முழங்கால் தண்ணீரில் அம்மாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றும்போது டார்ச்சை எந்தக் கையில் பிடிப்பது? வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ் மாற்றினவன் நான், எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

எடை 100 கிராமுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் நெற்றியில் சரியும், ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடுவீர்கள். லைட் கீழ்நோக்கிச் சாய வேண்டும், சாய்த்த இடத்தில் நிற்கவும் வேண்டும். கடையிலேயே நாலு தடவை சாய்த்துப் பாருங்கள். இப்போதே தொளதொளவென்று இருந்தால் மழைக்குள் தலை கவிழும். குவிந்த வெளிச்சத்தைவிடப் பரந்த வெளிச்சம் வேண்டும், கைக்கெட்டும் தூரத்து வேலைக்குத்தானே தலையில் மாட்டுகிறோம். சிவப்பு வெளிச்சம் இருந்தால் தூங்குகிறவர்களை எழுப்பாமல் நடமாடலாம், இருட்டுக்குப் பழகின கண்ணும் கெடாது. பெட்சல் கம்பெனியின் டிக்கா மாதிரி சில மாடல்கள் மூன்று சின்ன பென்சில் செல்லிலும் ஓடும், அவர்களுடைய ரீசார்ஜ் பேட்டரியிலும் ஓடும். வெள்ளத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை, விலைதான் கொஞ்சம் உறைக்கும். டெக்கத்லானில் பென்சில் செல் ஹெட்லேம்ப் கிடைக்கும், வீட்டுக்கு அது போதும்.

கொட்டுகிற மழையில் ஹெட்லேம்ப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் எதிரே வெள்ளைத் திரை கட்டின மாதிரி இருக்கும். லைட் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மழைத்துளியில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. தலையிலிருந்து கழற்றி இடுப்புக்குப் பக்கத்தில் பிடியுங்கள், திரை விலகும்.

அம்மாவுக்குத் தனியாக ஒன்று கொடுங்கள். ஐந்து மோடு, எஸ்ஓஎஸ், கண்ணடிக்கிற வெளிச்சம் எல்லாம் அவருக்கு வேண்டாம். ஒரு சுவிட்ச், தள்ளினால் எரிய வேண்டும், திரும்பத் தள்ளினால் அணைய வேண்டும். இரண்டு பென்சில் செல் போடுகிற சின்ன டார்ச் போதும். அதைவிட முக்கியம் அது இருக்கிற இடம். கட்டில் தலைமாட்டில் ஒரு ஆணி, கயிற்றில் தொங்க வேண்டும். அந்த இடத்தை யாரும் மாற்றக் கூடாது. இருட்டில் டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் தேவைப்படுகிற வீடுகள் நிறைய உண்டு, என் வீடும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

கூடத்துக்குத் தனி விளக்கு வாங்க வேண்டியதில்லை. டார்ச்சை ஒரு டம்ளரில் மேல்நோக்கி நிறுத்துங்கள், வெள்ளையடித்த மேற்கூரையில் பட்டு அறை முழுக்க வெளிச்சம் பரவும். ஹெட்லேம்ப்பைத் தண்ணீர் நிரம்பிய பாட்டிலின் மேல் உள்பக்கம் பார்த்தபடி மாட்டினாலும் பாட்டில் முழுக்க விளக்காகிவிடும். கரண்ட் போனால் தானாக எரிகிற இன்வெர்ட்டர் பல்பும் நல்லதுதான், ஆனால் அது மூன்று நாலு மணி நேரத்துக் கணக்கு. பவர் பேங்கில் செருகுகிற குட்டி யூஎஸ்பி லைட் ரொம்ப நேரம் ஓடும். சில பவர் பேங்குகள் மட்டும் லைட் இழுக்கிற கரண்ட் குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும், முன்னாடியே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு வேறு கணக்கு. அவருக்கு எதிரி இருட்டு இல்லை, உப்பு. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் சாரல் தாங்கும், அவ்வளவுதான். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐபிஎக்ஸ்8 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு என்று கம்பெனி சொல்ல வேண்டும். இந்தச் சோதனை எல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. இழுத்தால் ஜூம் ஆகிற டார்ச் படகுக்கு வேண்டவே வேண்டாம். முன்னும் பின்னும் நகர்கிற குழாயில் இடைவெளி இருந்தே தீரும், ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஈரக்காற்றை உள்ளே உறிஞ்சும். யூஎஸ்பி ஓட்டை இருக்கிற டார்ச்சும் யோசிக்க வேண்டியதுதான். ரப்பர் மூடிக்குள் உப்பு ஏறி ஒரே சீசனில் பச்சை பூத்துவிடும். செல்லை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் போடுகிற வகையோ, பென்சில் செல் வகையோ நல்லது. அலுமினியத்தைவிட கெட்டி பிளாஸ்டிக் உடம்பு கடலில் நீடிக்கும். இரும்பு ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கிற அலுமினியம் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அரித்துப்போகும்.

கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கச் சொல்லுங்கள். மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்துக்கு வருடம் இரண்டு தடவை சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போதும். தேங்காய் எண்ணெய் போடுகிறார்கள், கசடு பிடித்து மண்ணைச் சேர்க்கும். சிவப்பு வெளிச்சத்தைக் கடலில் கீழே பார்த்தே வைக்க வேண்டும். படகின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. நெற்றியில் சிவப்பு விளக்கோடு நிமிர்ந்து நின்றால் தூரத்து லாஞ்சுக்காரன் படகு வேறு பக்கம் திரும்பியிருப்பதாக நினைத்துவிடலாம். டார்ச்சுக்கு மணிக்கட்டுக் கயிறு கட்டாயம்.

தண்ணீர் புகுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். செல்லைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து மூடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் கல்லைக் கட்டிப் போடுங்கள். வெளியே துடைத்துத் திறந்தால் டிஷ்யூ காய்ந்திருக்க வேண்டும். செல் இல்லாததால் தண்ணீர் புகுந்தாலும் பெரும்பாலும் சேதம் இருக்காது, காய வைத்துக்கொள்ளலாம். செல்லைக் கழற்ற முடியாத டார்ச்சில் இதைச் செய்யாதீர்கள்.

டார்ச் கையில் இருக்கிற தைரியத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. கலங்கின வெள்ளத்தில் எந்த டார்ச்சும் அடியைக் காட்டாது. மூடி போன மேன்ஹோலைக் கழிதான் காட்டும், அதுவும் போயே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும். தெருவோரம் நிற்கிற பில்லர் பாக்ஸை, அதாவது மின்வாரியப் பெட்டியை, தண்ணீர் தொட்டிருந்தால் தூரத்திலிருந்தே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்யுங்கள். கேஸ் வாடை வந்தால் வீட்டுச் சுவிட்சைப் போல டார்ச் சுவிட்சையும் வீட்டுக்குள் தொடக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும், ஒரு சின்னப் பொறி போதும். வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குக் கூப்பிடுங்கள். மணலி ரிஃபைனரியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே சாதாரண டார்ச்சை உள்ளே விட மாட்டார்கள். பொறி வெளியே வராதபடி செய்து சான்று வாங்கின தனி டார்ச் அது. வீட்டுக்குத் தேவையில்லை, ஆனால் ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தால் புரியும்.

எங்கே வாங்குவது? பர்மா பஜாரில் நல்லதும் கிடைக்கும், அட்டைப் பெட்டி மட்டும் நல்லதும் கிடைக்கும். ஆளைத் தெரிந்தால் போங்கள். ரிச்சி தெருவில் செல் தனியாக வாங்கும்போது பிஐஎஸ் என்கிற இந்தியத் தர முத்திரையும் அதன் கீழே ஆர் என்று தொடங்குகிற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். நெட்டில் என்றால் கான்வாய், சோஃபிர்ன், வுர்க்கோஸ் மாதிரி சீனக் கம்பெனிகள் லூமன் எண்ணில் பெரும்பாலும் நேர்மையாக இருக்கின்றன. ஃபீனிக்ஸ் இன்னும் உசத்தி, விலையும் அப்படித்தான். கடையில் போட்டுப் பார்க்க முடிந்தால் கடைசி ஒரு சோதனை: மங்கலான மோடில் எரிய விட்டு, இன்னொரு கையால் பின்மூடிப் பக்கம் நாலு தட்டு தட்டுங்கள். வெளிச்சம் நடுங்கினால் ஸ்பிரிங் சரியில்லை, வேறு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 3,000 ரூபாயில் நானாக இருந்தால் முதலில் பென்சில் செல் ஹெட்லேம்ப் ஒன்றும் அதற்கு ஆல்கலைன் செல் இரண்டு செட்டும் எடுப்பேன். அடுத்து டைப்-சி வைத்த 18650 டார்ச் ஒன்று. அம்மாவுக்குச் சின்ன டார்ச். மீதம் இருப்பது தம்பியின் படகு டார்ச்சுக்கு. பத்தவில்லை என்றால் அதை அடுத்த மாதம் வாங்குங்கள், ஆனால் மட்டமாக வாங்க வேண்டாம். வீட்டு டார்ச் அணைந்தால் தடுக்கி விழுவோம், படகில் அப்படி இல்லை.

அப்பாவின் மூணு செல் டார்ச்சுக்கு வருகிறேன். திருவொற்றியூர் ஹை ரோட்டில் எவரெடி பேட்டரி தொழிற்சாலை இருந்த காலத்து வீடு என்றால் அது எவரெடியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இந்தப் பக்கத்தில் அநேகமாக எல்லார் வீட்டிலும் அதுதான் இருந்தது. கொண்டுவாருங்கள். உள்ளே பழைய கட்டை செல் ஒழுகி ஒட்டியிருந்தால் மரக்கட்டையில் தட்டி எடுத்துவிடலாம். பித்தளைத் தகடு பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. குண்டு பல்பைக் கழற்றிவிட்டு அதே அளவில் வருகிற எல்இடி பல்பைப் போடலாம், 3 செல்லின் நாலரை வோல்ட்டுக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்க வேண்டும், முனை எந்தப் பக்கம் பிளஸ் என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில் எல்இடி வெளிச்சம் பழைய மாதிரி கூராகக் குவியாது, கொஞ்சம் சிதறும். பரவாயில்லை, ஆனால் செல் மூன்று பங்கு நேரத்துக்கு மேல் வரும். வேலை முடிந்ததும் செல்லை உள்ளே விட்டு வைக்காதீர்கள். மூன்று கட்டை செல்லையும் ஒரு பழைய காலுறையில் சுற்றி, டார்ச்சோடு சேர்த்துக் கட்டிப் பரணில் இல்லாமல் மாடிப்படிக்குக் கீழே தொங்க விடுங்கள்.